தீமிதி போட்டோல முகம் கரியாயிடுது, நெருப்பு வெளுத்துடுது – கான்ட்ராஸ்ட்ல எங்க தப்பு பண்றேன்?

தன்லின்காரன்:

வணக்கம் மக்களே. ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப்பக்கம் தன்லின்ல இருக்கேன். எங்க ஊரு அம்மன் கோயில் தீமிதி போன பங்குனில எடுத்த படங்க 400க்கு மேல கிடக்கு, அதுல ஒரு 12 தேத்தி குடுப்பா காலண்டர் போடணும்னு கமிட்டில சொல்லிட்டாங்க, நானும் வாய் வச்சிக்கிட்டு சும்மா இல்லாம சரின்னுட்டேன், இப்ப மூணு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து முழிச்சிக்கிட்டு இருக்கேன்.

எடுத்தது சாயங்காலம் ஆறரைக்கு மேல, சூரியன் விழுந்தாச்சு, வெளிச்சம்னு பாத்தா கீழ பூக்குழில கங்கு, பின்னாடி கோயில் வாசல்ல ட்யூப் லைட், அவ்ளோதான். பழைய டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 3200. ராவும் (கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல்) ஜேபெக்கும் ரெண்டும் இருக்கு. ஆனா ராவ தொறக்க பயந்துக்கிட்டு ஜேபெக்க ஜிம்ப்ல (இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) வச்சுதான் வேலை பாக்குறேன்.

பிரச்சனை என்னன்னா படம் மொதல்ல பாக்க மங்கலா புகை மூட்டமா இருந்துச்சு, சரின்னு கான்ட்ராஸ்ட +40 ஏத்தினேன், படம் என்னவோ பளிச்சுன்னு ஆச்சு ஆனா பூக்குழி இறங்குற எங்க அண்ணன் முகம் (பெரியம்மா பையன்) அப்படியே கரி, கண்ணு எங்க மூக்கு எங்கன்னு தெரியல. கங்கு எல்லாம் மஞ்சளாகி நடுவுல வெள்ளையா போச்சு. சரி வேணாம்னு கான்ட்ராஸ்ட குறைச்சு ஷேடோஸ (இருட்டு பகுதிய) ஏத்தினா முகம் தெரியுது ஆனா சாம்பல் பூசின மாதிரி, மேல மணல் அடிச்ச மாதிரி புள்ளி புள்ளி. இதுல இன்னொரு கூத்து, லேப்டாப்ல ஓரளவு நல்லா இருக்கேன்னு ஒண்ண பிரிண்ட் போட்டு பாத்தேன், கடைல குடுத்தது இன்னும் இருட்டு.

பெரியம்மா அந்த பிரிண்ட பாத்துட்டு என் புள்ளைய ஏன்டா இவ்ளோ கறுப்பா எடுத்து வச்சிருக்கன்னு ஒரே சத்தம். போன வருஷம் வேற ஒருத்தர் எடுத்து குடுத்ததுல எல்லார் முகமும் பவுடர் கொட்டின மாதிரி வெள்ளையா இருந்துச்சு, அதுக்கும் இதே பெரியம்மாதான் சத்தம் போட்டாங்க, யார்டா இதுன்னு. நடுவுல எங்க நிக்கிறதுன்னு தெரியல. மூணு சாம்பிள் போட்டிருக்கேன், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

போன்லயே_முடிப்போம்:

பாஸ் ஜிம்ப் எல்லாம் எதுக்கு, போன்ல ஸ்னாப்சீட் ஆப்ல போட்டு எச்டிஆர் (இருட்டையும் வெளிச்சத்தையும் சமமாக்குறது) ஒரு தட்டு தட்டுங்க, அஞ்சு செகண்ட் வேலை. பெரியம்மாவுக்கு முகத்த லைட்டா வெளுத்து குடுத்துடுங்க, சந்தோஷப்படுவாங்க.

தன்லின்காரன்:

அதுவும் பண்ணி பாத்தாச்சு பாஸ். தலைய சுத்தி சாமிக்கு இருக்குற மாதிரி ஒரு ஒளிவட்டம் வந்துடுச்சு. எங்க அண்ணனுக்கு அந்தளவுக்கு தகுதி இல்ல.

வளைவு_வாத்தி:

அந்த ஒளிவட்டம் ஏன் வருதுன்னா ஷேடோவ ரொம்ப இழுக்கும்போது சாஃப்ட்வேருக்கு முடி எங்க முடியுது வானம் எங்க ஆரம்பிக்குதுன்னு கரெக்டா தெரியாம ஓரத்துல வெளிச்சம் வழிஞ்சிடும். சரி அத விடுங்க, விஷயத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமா எழுதுவேன் பொறுத்துக்கோங்க.

தம்பி, நீங்க போட்ட சாம்பிள்ல ரெண்டாவது, உங்க அண்ணன் கரகத்த தலையில வச்சிக்கிட்டு குழிக்குள்ள கால் வைக்கிற படம், அத இறக்கி ஜிம்ப்ல தொறந்து கலர் பிக்கர வச்சு அங்கங்க குத்தி நம்பர் பாத்தேன். கன்னம் 38. நெத்தில இருக்குற விபூதி 140. பின்னாடி இருட்டுல நிக்கிற கூட்டம் 10, 12. கங்குல ரெட் 255, க்ரீன் 190, ப்ளூ 60. இந்த நாலு நம்பர்தான் உங்க படமே, இத வச்சே எல்லாத்தையும் சொல்லிடலாம்.

ஜேபெக்ல ஒரு கலருக்கு 0ல இருந்து 255 வரைக்கும் மொத்தம் 256 படி, 0ன்னா கறுப்பு, 255ன்னா முழு வெளிச்சம். ரேஷன் அரிசி மாதிரின்னு வச்சுக்கோங்க, மூட்டை அவ்ளோதான், ஒரு வீட்டுக்கு அதிகமா அளந்தா இன்னொரு வீட்டுக்கு குறையும். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் என்ன பண்ணும்னா நடுவுல 127ல ஆணி அடிச்சுட்டு அதுக்கு மேல இருக்குறத மேல தள்ளும், கீழ இருக்குறத கீழ தள்ளும். பகல்ல எடுத்த படத்துல முக்கியமான சமாசாரம் எல்லாம் நடுவுல இருக்கும், அங்க இது சரியா வேலை செய்யும். உங்க படத்துல நடுவுல என்ன இருக்கு? விபூதியும் வேட்டியும்தான் இருக்கு! முகம் கிடக்குறது 38ல. ஜிம்ப்ல +40 போட்டா 38ல இருக்குறது சீரோவ ஒட்டி போய் விழுந்துடும், நான் போட்டு பாத்தேன், கன்னமும் பின்னாடி இருட்டும் ஒண்ணாயிடுச்சு. அப்புறம் எங்க இருந்து கண்ணு மூக்கு தெரியும்.

அதனால அந்த ஸ்லைடர இந்த படத்துக்கு மறந்துடுங்க. கலர்ஸ் மெனுல கர்வ்ஸ் இருக்கும், அத தொறங்க. மூலைக்கு மூலை ஒரு நேர்கோடு இருக்கும். கோடு எங்க செங்குத்தா ஏறுதோ அங்க கான்ட்ராஸ்ட் கூடும், எங்க படுத்துக்குதோ அங்க குறையும், அவ்ளோதான் கர்வ்ஸ், இதுக்கு மேல அதுல ரகசியம் ஒண்ணும் கிடையாது. எல்லாரும் சொல்ற எஸ் வளைவு எல்லாம் நடு டோன செங்குத்தாக்கி ரெண்டு ஓரத்தையும் படுக்க வைக்கிறதுதான், உங்க படத்துக்கு அது ஆகாது, ஏன்னா உங்க முகமே ஓரத்துலதான் இருக்கு.

நான் வச்ச புள்ளிங்க: 12ல இருக்குறத 6க்கு இறக்கினேன், இது கறுப்பு கறுப்பாவே நிக்கணும்னு போட்ட ஆணி. 38 கன்னத்த 72க்கு தூக்கினேன். 140 விபூதிய 165. 240ல ஒரு ஆணி, 240லயே. இப்ப கணக்கு பாருங்க, 12க்கும் 38க்கும் நடுவுல 26 படி இருந்தது 66 படியா விரிஞ்சிருக்கு, அதாவது ஒரு படி ரெண்டரை படி. அதான் முகத்துல உருவம் வருது. அதே காரணத்துக்குத்தான் மணலும் வருது, ஏன்னா நாய்ஸும் சேந்து ரெண்டரை மடங்கு விரியுது, சாஃப்ட்வேருக்கு மூக்குத்தண்டும் ஒண்ணுதான் புள்ளியும் ஒண்ணுதான். மேல 140ல இருந்து 240 வரைக்கும் 100 படி இருந்தது 75 ஆயிடுச்சு, ரேஷன்ல புடுங்கினது அங்க இருந்துதான், வேட்டி மடிப்பு கொஞ்சம் தட்டையாகும், பரவால்ல, வேட்டிய யார் பாக்க போறா.

நீங்க ஷேடோஸ ஏத்தினப்போ சாம்பல் ஆனதுக்கும் இதுலயே பதில் இருக்கு. அதே கலர்ஸ் மெனுல இருக்குற லெவல்ஸ்ல நடு ஸ்லைடர 1.5 வரைக்கும் தள்ளினாலும் 38 இதே 72க்குத்தான் வரும், ஆனா 10ல இருந்த இருட்டும் 29க்கு ஏறிடும். முகம் ஏறினதோட இருட்டும் ஏறிடுச்சு, படத்துல எங்கயுமே கறுப்புன்னு ஒண்ணு இல்ல, புகை போட்ட மாதிரி ஆயிடும். கீழ ஒரு ஆணி அடிச்சா அது நடக்காது.

ஒரு எச்சரிக்கை, புள்ளிங்க ரொம்ப கிட்ட கிட்ட வச்சா கோடு பாம்பு மாதிரி நெளியும், கீழ் நோக்கி எங்கயாவது இறங்கிச்சுன்னா அந்த இடத்துல வெளிச்சம் இருட்டாவும் இருட்டு வெளிச்சமாவும் மாறிடும். நாலு புள்ளிக்கு மேல வேணாம்.

இன்னொண்ணு முக்கியம். இத முழு படத்துக்கும் போடாதீங்க. லேயர டூப்ளிகேட் பண்ணி மேல இருக்குறதுக்கு கர்வ் போட்டுட்டு, கறுப்பு லேயர் மாஸ்க் (கறுப்பு இருக்குற இடத்த மறைச்சு, வெள்ளை தடவின இடத்த மட்டும் காட்டுற திரை) மாட்டி, ஓரம் மெத்துன்னு இருக்குற பெரிய பிரஷ்ஷ வெள்ளைல எடுத்து முகம் கழுத்து நெஞ்சு மட்டும் தடவுங்க. அந்த லேயர் மோட லூமினன்ஸ்னு மாத்துங்க, இல்லன்னா கர்வ் செங்குத்தான இடத்துல கலரும் சேந்து ஏறி தோல் ஆரஞ்சு பழம் மாதிரி ஆயிடும்.

தன்லின்காரன்:

அண்ணே கால்ல விழுறேன். நம்பர் வச்சு சொன்னதுதான் மண்டைல ஏறுது. நெருப்பு விஷயம் மட்டும் விட்டுட்டீங்க.

வளைவு_வாத்தி:

விடல, டீ குடிக்க போயிருந்தேன்.

கங்குல ரெட் 255ன்னு சொன்னேன்ல, அது ஏற்கெனவே முட்டிடுச்சு. அதுக்கு மேல நீங்க வெளிச்சத்த ஏத்த ஏத்த ரெட் நகராது, க்ரீன் மட்டும் ஏறும், 190 போய் 230 போய் 255 ஆகும், அதான் செவப்பு கங்கு மஞ்சளாகுது. அப்புறம் ப்ளூவும் ஏறி வந்து சேந்துச்சுன்னா வெள்ளை. ஹிஸ்டோகிராம்ல (எந்த அளவு வெளிச்சத்துல எவ்ளோ இருக்குன்னு காட்டுற வரைபடம்) மொத்த வெளிச்சத்த மட்டும் பாத்தா முட்டினதே தெரியாது, ரெட்ட தனியா தேர்ந்தெடுத்து பாருங்க, வலது ஓரத்துல செவுத்துல சாஞ்ச மாதிரி நிக்கும். ராத்திரி ரங்கூன் ஷ்வேடகன் தங்க பகோடாவ எடுக்குறவங்களுக்கும் இதே கதைதான், ஃப்ளட் லைட்டுல தங்கம் ரெட்ல முட்டி, அவ்ளோ வேலைப்பாடும் போய் மஞ்சள் பெயின்ட் அடிச்ச கூம்பு மாதிரி வந்து நிக்கும், ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைச்சு எடுத்தா சரியா இருக்கும்.

ஜேபெக்ல முட்டினது போனது போனதுதான், எந்த ஸ்லைடரும் கொண்டு வராது. ஆனா நீங்க ரா வச்சிருக்கீங்க, அதுலதான் புதையல் இருக்கு, அத தொறக்க பயமாம்! ரால 14 பிட்னா 16384 படி, 12 பிட்னாலும் 4096. அதோட இன்னொரு சமாசாரம், வைட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையா தெரிய கலர சரி பண்றது) பண்ணும்போது கேமரா ரெட்ட பெருக்கும், பகல் வெளிச்சத்துக்கு செட் பண்ணி இருந்தா நிறைய கேமரால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த பெருக்கல்ல முட்டினதுதான் ஜேபெக்ல தெரியுது, ரால முட்டாம இருக்க வாய்ப்பு இருக்கு. டார்க்டேபிள்னு ரா தொறக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ராவ தொறந்து வைட் பேலன்ஸ நீலப்பக்கம் கொஞ்சம் இழுங்க, கங்குல செவப்பு திரும்பி வருதான்னு பாருங்க. அதுலயே டோன் ஈக்வலைசர்னு ஒண்ணு இருக்கு, அத ஆன் பண்ணிட்டு மவுஸ முகத்து மேல வச்சு சக்கரத்த உருட்டினா அந்த அளவு வெளிச்சம் இருக்குற இடம் மட்டும் ஏறும் இறங்கும், அமெரிக்க போட்டோகிராஃபர் ஏன்சல் ஆடம்ஸ் படத்தோட வெளிச்சத்த 0ல இருந்து 10 வரைக்கும் 11 மண்டலமா பிரிச்சு பாத்தாரே அதே யோசனைதான். ஜேபெக்ல கர்வ் கத்துக்கோங்க, வேலைய ரால பண்ணுங்க.

ஹைப்போ தாத்தா:

பேத்தி டைப் பண்றா, நான் சொல்றேன். தப்பு இருந்தா அவளதான் கேக்கணும்.

எங்க அப்பா ரங்கூன் டவுன்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருந்தார். 1964 வாக்குல நம்ம சனங்க கூட்டம் கூட்டமா ஊருக்கு கப்பல் ஏறினாங்கள்ல, அப்ப எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு படம் எடுக்க வாசல்ல வரிசை நிக்கும், எனக்கு பத்து வயசு, டார்க்ரூம்ல தட்டு ஆட்டுறது என் வேலை. டெவலப்பர் ஒரு தட்டு, தண்ணி ஒரு தட்டு, ஹைப்போ (படம் அழியாம நிறுத்துற மருந்து) ஒரு தட்டு. விரல் நகம் எல்லாம் பழுப்பா போயிடும். அப்புறம் நானே முப்பது வருஷம் அந்த தொழில்தான் பாத்தேன்.

வாத்தி சொல்ற வளைவு எல்லாம் எங்களுக்கு கிடையாது, பேப்பர் நம்பர்தான். 2ஆம் நம்பர் பேப்பர் சாதாரணம், 3, 4ன்னு போனா கான்ட்ராஸ்ட் ஏறும், 1ன்னா மெத்துன்னு இருக்கும். புதுசா வர்ற பையன் எவனா இருந்தாலும் 4ஆம் நம்பர்ல போட்டுட்டு பளிச்சுன்னு இருக்கு பாருங்கம்பான். அப்பா ஒண்ணும் பேசமாட்டார், அதே நெகடிவ 2ல போட்டு பக்கத்துல வைப்பார். வெள்ளைல விவரம் தெரியுற மாதிரி நேரத்த பிடிப்போம், அப்புறம் கறுப்ப பாத்து பேப்பர் நம்பர தீர்மானிப்போம், அதுதான் வரிசை. முகம் மட்டும் இருட்டா இருந்தா கம்பில ஒரு வட்ட அட்டைய ஒட்டி வெளிச்சம் விழுற நேரத்துல முகத்துக்கு மேல ஆட்டிக்கிட்டே இருப்போம், ஆட்டுறத நிறுத்தினா வட்டம் விழுந்துடும். மாஸ்க்கு, மெத்து பிரஷ்ஷுன்னு வாத்தி சொல்றாரே, எனக்கு அந்த அட்டைதான் ஞாபகம் வருது.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். வெளுத்து குடுங்கன்னு ஒரு தம்பி எழுதி இருக்கார். அந்த வேலைய நாங்களும் பண்ணி இருக்கோம், மறைக்கல. நெகடிவ் மேல கூரான பென்சில் வச்சு முகத்துல நுணுக்கமா தடவுவோம், நெகடிவ்ல எங்க கறுப்பு கூடுதோ பிரிண்ட்ல அங்க வெளுக்கும். கல்யாணப் பொண்ணு படம்னா அவங்க வீட்டுலயே கேட்டு வாங்கிப்பாங்க. அப்பா அரைமனசா பண்ணுவார். ஆனா அவர் ஒரு விஷயம் காட்டி குடுத்தார், அத எந்த புஸ்தகத்துலயும் நான் பாக்கல. செவத்த தோல்ல முகத்தோட உருவம் நிழல்ல தெரியும், மூக்கு நிழல், தாடை நிழல். நம்ம கறுத்த தோல்ல நிழலுக்குள்ள நிழல் எங்க தெரியும்? நம்ம தோல்ல உருவம் தெரியறது மினுக்குல. நெத்தி மேடு, கன்னத்து எலும்பு, மூக்குத்தண்டு, கீழ் உதடு, அங்க வேர்வையோ எண்ணெயோ பட்டு ஒரு மினுக்கு இருக்கும் பாருங்க, அதுதான் முகம். அந்த மினுக்க மட்டும் தூக்கினா போதும், கன்னத்த மொத்தமா தூக்க வேணாம். தோல் அதோட கறுப்புலயே நிக்கும், முகம் தன்னால முன்னாடி வரும்.

வாத்தி 38 கன்னத்த 72க்கு தூக்கினேன்றார். எனக்கு நம்பர் தெரியாது, பேத்தி ஸ்க்ரீன்ல காட்டினா, எனக்கு அது கொஞ்சம் அதிகமா பட்டுச்சு. அந்த பையன் தீ வெளிச்சத்துல நிக்கிறான், ஆஸ்பத்திரி லைட்டுல இல்ல.

வளைவு_வாத்தி:

ஐயா சொன்னத உடனே போட்டு பாத்தேன். கன்னத்த 72க்கு பதிலா 55ல நிறுத்திட்டு, மூக்குத்தண்டுலயும் கன்னத்து எலும்புலயும் 80, 90ல இருந்த மினுக்க மட்டும் 135 வரைக்கும் விட்டேன். நான் தோத்துட்டேன், ஐயா பண்ணினதுதான் அழகு. நாய்ஸும் பாதி தெரியல, ஏன்னா அடி இருட்டுல ரெண்டரை மடங்கா விரிஞ்சது இப்ப ரெண்டு மடங்குக்கும் கீழ வந்துடுச்சு.

சும்மா சொல்றேன், அந்த காலத்துல கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஷெர்லி கார்டுன்னு ஒண்ணு அனுப்பும், ஒரு வெள்ளைக்கார பொண்ணு படம், அவ தோல் சரியா வந்தா மிஷின் சரின்னு அர்த்தம். அந்த கணக்குல நம்மாளுங்க எப்படி வந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

டாலா படகு:

தம்பி, எல்லாரும் எடிட்டிங்க பத்தியே பேசுறாங்க, பிரிண்ட் இருட்டா வந்தத யாரும் தொடல. நான் ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப்பக்கம் டாலால இருந்து தினமும் ரங்கூன் பான்சோடான் ஜெட்டிக்கு படகு ஏறி போய் வர்ற ஆளு, ஒரு தடவ பிரிண்ட் தப்பா வந்தா அரை நாள் போச்சு, அதனால இத கஷ்டப்பட்டு கத்துக்கிட்டேன்.

நீங்க ராத்திரி ராத்திரி உக்காந்து பண்றேன்னு எழுதி இருக்கீங்க, ரூம்ல லைட் இருக்கா இல்ல கரண்ட் போன நேரத்துல லேப்டாப் பேட்டரில பண்றீங்களா? நான் அப்படித்தான் பண்ணினேன், இருட்டு ரூம், பிரைட்னஸ் ஃபுல், படம் அப்படியே ஜொலிக்கும், ஐயோ இவ்ளோ வெளிச்சமான்னு நானே குறைச்சு குறைச்சு சேவ் பண்ணி இருக்கேன், பிரிண்ட்ல வந்தது குகைக்குள்ள எடுத்த மாதிரி. ஸ்க்ரீன் தானே எரியுது, பேப்பர் எரியாது, பக்கத்துல இருக்குற வெளிச்சத்த வாங்கித்தான் காட்டும். அதனால ஒரு வெள்ளை ஏ4 பேப்பர எடுத்து நீங்க வழக்கமா பிரிண்ட் பாக்குற வெளிச்சத்துல ஸ்க்ரீன் பக்கத்துல புடிங்க, ஸ்க்ரீன்ல வெறும் வெள்ளை விண்டோ ஒண்ணு தொறந்து வச்சு ரெண்டும் ஒரே மாதிரி தெரியற வரைக்கும் பிரைட்னஸ குறைங்க. எனக்கு பாதிக்கும் கீழ வந்துச்சு. அப்புறம் அத தொடாதீங்க. எடிட் பண்ற நேரத்துல ரூம்ல ஒரு லைட்டாவது எரியட்டும்.

அடுத்தது கடை. நான் குடுக்குற கடைல மிஷின் தானா ஒரு ஆட்டோ கரெக்ஷன் போடுது, படம் முக்கால்வாசி இருட்டா இருந்தா அதுக்கு பொறுக்காது, மொத்தத்தையும் சராசரிக்கு இழுக்கும், நெருப்பு வெளிச்சமா இருந்தா அத பாத்துட்டு வேற பக்கம் இழுக்கும், எப்படி வரும்னு சாமிக்கே தெரியாது. ஆட்டோ போடாதீங்கன்னு எழுதியே குடுக்கணும், வாயால சொன்னா தலையாட்டிட்டு போட்டுடுவாங்க. எஸ்ஆர்ஜிபில (சாதாரண ஸ்க்ரீனும் கடை மிஷினும் புரிஞ்சுக்குற கலர் முறை) ஜேபெக்கா குடுங்க. மொதல்ல ஒரே படத்த மூணு விதமா, நீங்க வச்ச மாதிரி ஒண்ணு, கொஞ்சம் தூக்கி ஒண்ணு, இன்னும் கொஞ்சம் தூக்கி ஒண்ணு, 4க்கு 6 சைஸ்ல போட்டு பின்னாடி பென்சில்ல நம்பர் எழுதிடுங்க. எது புடிக்குதோ அந்த அளவ மத்த 11 படத்துக்கும் கூட்டிக்கலாம்.

தனக்கா (இங்க மரப்பட்டைய அரைச்சு முகத்துல பூசுற இளமஞ்சள் பூச்சு) விஷயமும் ஒண்ணு சொல்லணும், கூட்டத்துல நிக்கிற பொம்பளைங்க பாதி பேர் கன்னத்துல தனக்கா பூசி இருப்பாங்க இல்ல? தோல் கீழ கிடக்கும், தனக்கா மேல நிக்கும், எஸ் வளைவு போட்டா தோல் இன்னும் கீழ போய் தனக்கா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும். போன திஞ்சான்ல (பர்மா புத்தாண்டு தண்ணி திருவிழா) எங்க தெரு பொண்ணுங்கள எடுத்து இப்படி பண்ணி வாங்கி கட்டிக்கிட்டேன். தனக்கா இருக்குற இடத்துல ஒரு புள்ளி வச்சு கீழ புடிச்சு நிறுத்துங்க, அந்த இளமஞ்சள் போகக்கூடாது. விபூதிக்கும் இதேதான்.

போன்லயே_முடிப்போம்:

சரி சரி எல்லாரும் என்ன வச்சு செய்றீங்க. ஸ்னாப்சீட்லயும் செலக்டிவ்னு ஒண்ணு இருக்கு பாஸ், மூக்கு மேல ஒரு புள்ளி வச்சு ரெண்டு விரலால கிள்ளினா வட்டம் பெருசாகும் சின்னதாகும், அந்த கலர் இருக்குற இடத்துல மட்டும்தான் வேலை செய்யும். தாத்தா சொன்ன மினுக்கு விஷயத்த அதுல பண்ணி பாத்தேன், பிரைட்னஸ் +15தான், ஒழுங்கா வருது. எச்டிஆர வாபஸ் வாங்கிக்கிறேன்.

தன்லின்காரன்:

நாலு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, ரெண்டு நாள் நெட்டே இல்ல.

மொதல்ல ஜேபெக்ல கர்வ் போட்டேன், வாத்தி அண்ணன் வேணாம்னு சொன்னத கேக்காம ஏழு புள்ளி வச்சேன், கோடு நடுவுல பள்ளம் விழுந்து எங்க அண்ணன் முகம் எக்ஸ்ரே படம் மாதிரி ஆச்சு, தங்கச்சி அத போன்ல போட்டோ எடுத்து வீட்டு குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டா. அதுக்கப்புறம் பயம் தெளிஞ்சு ராவ டார்க்டேபிள்ல தொறந்தேன். வைட் பேலன்ஸ நீலப்பக்கம் இழுத்ததும் கங்குல பாதிக்கு மேல செவப்பு திரும்பி வந்துச்சு! நடுக்குழில ஒரு கையகலத்துக்கு இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு, அது நிஜமாவே அவ்ளோ காந்தல்தான், விட்டுட்டேன். ட்யூப் லைட் இருந்த பக்கம் மட்டும் பச்சையும் நீலமுமா போச்சு, அதுக்கு தனியா மாஸ்க் போட்டேன்.

முகத்துக்கு தாத்தா சொன்னதுதான். மினுக்கு மட்டும். மூக்குத்தண்டுல ஒரு கோடு, கன்னத்து எலும்புல வேர்வை, கீழ் உதட்டுல கொஞ்சம், அவ்ளோ தூக்கினதும் பல்ல கடிச்சுக்கிட்டு இருக்கான்னே அப்பதான் எனக்கு தெரிஞ்சுது, நேர்ல நின்னப்ப கூட பாக்கல.

டாலா அக்கா சொன்ன மாதிரி பேப்பர் வச்சு பிரைட்னஸ குறைச்சு மூணு விதமா 4க்கு 6 போட்டேன். கடைல ஆட்டோ வேணாம்னு பர்மா பாஷைல ஒரு சீட்டு எழுதி கவர் மேலயே ஒட்டி குடுத்தேன். மூணுல ரெண்டாவது சரியா இருந்துச்சு. மூணாவதுல பின்னாடி கூட்டத்தயும் தெரியட்டுமேன்னு 12ல இருந்தத எல்லாம் தூக்கி வச்சிருந்தேன்.

மூணையும் பெரியம்மா முன்னாடி பரப்பி வச்சு எது நல்லா இருக்குன்னு கேட்டேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு மூணையும் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மூணாவத கையில எடுத்து ஓரத்துல விரல வச்சு, ஏன்டா, இது அந்த சீட்டு கட்டாம போன ஆளு இல்ல? ஊர்லயே இல்லன்னு சொன்னாங்களேடான்னு எழுந்தே போயிட்டாங்க. அண்ணன் முகத்த பத்தி இன்னும் ஒண்ணும் சொல்லல.

டாலா படகு:

தம்பி மூணாவது காலண்டருக்கு வேணாம்.

ஹைப்போ தாத்தா:

ரெண்டாவது பிரிண்ட்ல ஒண்ணு எனக்கு அனுப்பி வைங்க. ஸ்க்ரீன்ல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. பேத்தி தனியா உங்களுக்கு விலாசம் அனுப்புவா.